நோய் இல்லாத நான்கு கருக்கள் இருக்கின்றன, எதை வைப்பது என்று எதைப் பார்த்து முடிவு செய்வது?

நாமக்கல்காரன்:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

நானும் மனைவியும் டல்லஸ் பக்கம் இருக்கிறோம். அவள் என் சொந்த அத்தை மகள். இரண்டு பேருமே பீட்டா தலசீமியா கேரியர், அதாவது அந்தப் பரம்பரை ரத்த நோய்க்கான ஜீன் மாற்றம் எங்களிடம் ஒரு பக்கம் மட்டும் இருக்கிறது. எங்களுக்கு உடம்பில் எந்தத் தொந்தரவும் கிடையாது, ரத்தப் பரிசோதனை எடுத்தால் சிவப்பணு மட்டும் அளவில் சின்னதாக வரும், ஊரில் இருந்தவரை எல்லோரும் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மகள் வயிற்றில் இருந்தபோது இங்கே சோதித்துத்தான் விஷயமே தெரிந்தது. பனிக்குட நீர் எடுத்து முடிவு வருகிறவரை வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. நல்லவேளையாக அவளும் கேரியர் மட்டும்தான். இப்போது ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள், நன்றாக இருக்கிறாள்.

இரண்டாவது குழந்தைக்கு அந்தக் காத்திருப்பும், முடிவு வேறு மாதிரி வந்தால் கலைப்பதா வேண்டாமா என்கிற நிலைமையும் வேண்டாம் என்று ஐவிஎஃப் (சோதனைக்குழாய் முறை) பக்கம் போனோம். ஐந்தாம் நாள் வரை வளர்ந்த கருக்களில் இருந்து சில செல்களை எடுத்துத் தலசீமியாவுக்கும் குரோமோசோம் எண்ணிக்கைக்கும் சோதித்தார்கள். ஆறு கருக்கள் தேறின. இரண்டில் தலசீமியா மேஜர், அதாவது இரண்டு பக்கமும் மாற்றம் வந்த முழு நோய். மீதி நான்கில் மூன்று கேரியர், ஒன்றில் அந்த மாற்றமே இல்லை. நான்கும் உறைநிலையில் இருக்கின்றன.

இதுவரை எனக்குக் குழப்பம் இல்லை. இதற்கு மேல்தான்.

முதலாவது, மருத்துவமனையில் ஒரு படிவம் கொடுத்து, ஆணா பெண்ணா என்பதை அறிக்கையில் சேர்க்கட்டுமா என்று கேட்கிறார்கள். இங்கே அதற்குத் தடை இல்லை. இரண்டாவது, ஒரு கருவுக்கு 2500 டாலர் கட்டினால் முழு மரபணுவையும் படித்து, சர்க்கரை நோய், இதய நோய், மனநோய் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுத் தருகிற ஒரு கம்பெனியைப் பற்றி நண்பர் ஒருவர் சொன்னார். வேறு சில கம்பெனிகள் உயரம், அறிவுத்திறன் வரை தருகிறார்களாம். மூன்றாவது, அந்த ஒரே ஒரு 'மாற்றமே இல்லாத' கருவைத்தான் முதலில் வைக்க வேண்டுமா?

இதெல்லாம் அம்மாவிடம் போனில் விளக்கினேன். அம்மா நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எப்படியும் நாலில் ஒண்ணை எடுக்கத்தானே போறீங்க. அது பையனா இருந்துட்டா யாருக்கு என்னப்பா நஷ்டம்?" எனக்குப் பதில் வரவில்லை. யாரையும் கலைக்கப் போவதில்லை, யாரையும் கொல்லப் போவதில்லை, எப்படியும் ஒன்றை எடுக்கத்தான் வேண்டும். எனக்கும் உள்ளுக்குள் ஒரு பையன் ஆசை இருக்கிறது, மறைக்கவில்லை. மனைவி மட்டும் "பாப்பாவுக்கு நாளைக்கு என்ன சொல்வது?" என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு அப்புறம் பேசவில்லை.

இதில் தப்பு இருக்கிறதா? இருந்தால் எந்த இடத்தில் இருக்கிறது? சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிக்கொள்ள முடியும், அதைக் கேட்கவில்லை.

சிங்கைவேல்:

நண்பரே, நீங்கள் இவ்வளவு யோசிப்பதே நல்ல தகப்பன் என்று காட்டுகிறது. என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். தேர்ந்தெடுங்கள்.

என் அப்பாவுக்குச் சர்க்கரை. கால் விரலில் ஒரு கொப்புளமாக ஆரம்பித்தது, விரல் போனது, பாதம் போனது, கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். சித்தப்பாவுக்குச் சிறுநீரகம். எனக்கு முப்பத்தைந்திலேயே வந்துவிட்டது. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்குச் சர்க்கரை என்று சொல்கிறது, நம் குடும்பங்களில் அது இல்லாத வீடு எங்கே இருக்கிறது? தலசீமியாவை விலக்குவது சரி என்றால், சர்க்கரை வரும் வாய்ப்பு குறைவாக உள்ள கருவை எடுப்பது மட்டும் எப்படித் தப்பாகும்? இரண்டும் நோய்தான், இரண்டும் ஆளைக் கொல்கிறது. தலசீமியாவுக்கு ஒரு நியாயம், சர்க்கரைக்கு ஒரு நியாயமா?

உயரம், அறிவு என்றால் எல்லோரும் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் குழந்தை பிறந்த பிறகு அதே பெற்றோர் கடன் வாங்கியாவது நல்ல பள்ளிக்கூடம், டியூஷன், கோச்சிங் என்று ஓடுகிறார்கள். பிறந்த பிறகு செய்தால் அக்கறை, முன்னால் செய்தால் பாவம் என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

பையன் விஷயத்திலும், உங்களுக்கு ஏற்கெனவே ஒரு மகள் இருக்கிறாள். பெண் வேண்டாம் என்று சொல்லும் வீடு இல்லை உங்களுடையது. ஒரு பெண், ஒரு பையன் என்று ஆசைப்படுவதில் யாருக்கும் கெடுதல் இல்லை. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் மீதி மூன்று பிறக்கப் போவதில்லை. உங்கள் அம்மா கேட்ட கேள்விக்கு என் பதில், யாருக்கும் நஷ்டம் இல்லை என்பதுதான்.

ஆய்வகவாசி:

சென்னையில் ஒரு கரு ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். கருவில் இருந்து செல் எடுப்பதுதான் என் அன்றாட வேலை, அதனால் அந்த 2500 டாலர் விஷயத்துக்கு மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் உங்களுக்குச் செய்த தலசீமியா சோதனை என்ன என்று பாருங்கள். ஐந்தாம் நாள் கருவில் நூற்றுக்கும் மேல் செல்கள் இருக்கும். உள்ளே ஒரு சின்னக் கொத்து, அதுதான் குழந்தையாகும். வெளிச்சுவர் நஞ்சுக்கொடியாகும். நாங்கள் லேசரால் வெளிச்சுவரில் இருந்து ஐந்தாறு செல்களைப் பிரித்தெடுத்து ஒரு குழாயில் போட்டு அனுப்புகிறோம், கருவை உறைய வைக்கிறோம். தலசீமியா பதினோராவது குரோமோசோமில் உள்ள ஒரே ஒரு ஜீனின் விஷயம். உங்களிடமும் மனைவியிடமும் எந்த இடத்தில் எந்த மாற்றம் இருக்கிறது என்று முன்பே தெரியும், அது கருவுக்கு வந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. இரண்டு பக்கமும் வந்திருந்தால் அந்தக் குழந்தைக்கு வாழ்நாள் முழுக்க ரத்தம் ஏற்ற வேண்டும். காரணமும் விளைவும் நேரடியாகக் கட்டிப்போட்டது போல இருக்கும். அப்படியிருந்தும் கர்ப்பம் தரித்த பிறகு பனிக்குட நீரிலோ நஞ்சுக்கொடியிலோ ஒரு தடவை உறுதி செய்துகொள்ளச் சொல்கிறோம், ஏனென்றால் ஐந்து செல்லில் பிழை வரலாம். நீங்களும் அதை விட்டுவிடாதீர்கள்.

சர்க்கரை நோய் மதிப்பெண் இந்த வகையே இல்லை. ஆயிரக்கணக்கான இடங்களில் உள்ள சின்னச் சின்ன மாற்றங்கள், ஒவ்வொன்றும் கடுகளவு பாதிப்பு, எல்லாவற்றையும் கூட்டி ஒரு எண். அந்த எண்ணைக் கணக்கிடப் பயன்பட்ட தரவு பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் இருந்து வந்தது. நம்மைப் போன்றவர்களுக்கு அதே சூத்திரத்தைப் போட்டால் துல்லியம் கணிசமாகக் குறைகிறது. இன்னொன்று, உங்கள் நான்கு கருக்களும் கூடப்பிறந்தவர்கள். ஒரே அப்பா அம்மாவிடம் இருந்து வந்தவை, அவற்றுக்குள் வித்தியாசமே கொஞ்சம்தான்.

உயரத்தையும் அறிவையும் பற்றி 2019-ல் ஜெருசலேமில் உள்ள ஹீப்ரூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்த கணக்கு ஒன்று இருக்கிறது. பத்துக் கருக்களில் அதிக மதிப்பெண் உள்ளதை எடுத்தால் சராசரியாக 2.5 சென்டிமீட்டர் உயரமோ 2.5 ஐக்யூ புள்ளியோ கிடைக்கலாம் என்றார்கள். பத்துக் கரு இருந்தால்தான் அவ்வளவு, உங்களிடம் இருப்பது நான்கு. அதே ஆய்வில், பிள்ளைகள் வளர்ந்து ஆளான 28 பெரிய குடும்பங்களை எடுத்துப் பார்த்தார்கள். மதிப்பெண்ணில் முதலில் வந்த பிள்ளை நிஜத்திலும் அந்த வீட்டிலேயே உயரமான பிள்ளையாக இருந்தது 7 குடும்பங்களில் மட்டும். உயரம் என்பது மரபணு மிக வலுவாகப் பேசும் விஷயம், அதிலேயே இந்த நிலைமை.

அப்புறம் ஒன்றைத் தேடிப் போனால் இன்னொன்றும் ஒட்டிக்கொண்டு வரும். அதிகம் படிப்பதோடு தொடர்புள்ள மரபணு மாற்றங்களில் ஒரு பகுதி, இருமுனை மனநோய் வாய்ப்போடும் சேர்ந்து போகிறது. எதைக் கூட்டுகிறோம் எதைக் குறைக்கிறோம் என்று யாராலும் முழுதாகச் சொல்ல முடியாது. ஐரோப்பிய மனித மரபியல் சங்கம் இந்தக் கரு மதிப்பெண்களை நிரூபிக்கப்படாத, நெறியற்ற நடைமுறை என்றே எழுதியிருக்கிறது. நானும் அந்தப் பக்கம்தான்.

சிங்கைவேல் சார், உங்கள் அப்பாவின் கஷ்டம் புரிகிறது, என் வீட்டிலும் சர்க்கரை உண்டு. ஆனால் உங்கள் தாத்தாவுக்கும் ஏறத்தாழ இதே ஜீன்தான் இருந்திருக்கும். காட்டு வேலை செய்துகொண்டு இருந்தவரை அது வெளியே தெரிந்திருக்காது. பத்தாயிரம் டாலரில் அந்தக் குழந்தைக்கு இரண்டாவது வகை சர்க்கரை வராது என்று எந்தக் கம்பெனியும் எழுதித் தராது. சதவீதம் குறையும் என்பார்கள், எந்த அளவில் இருந்து எந்த அளவுக்கு என்று கேட்டுப் பாருங்கள்.

நாமக்கல்காரன்:

ரொம்ப நன்றி ஆய்வகவாசி. மதிப்பெண் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம், மனைவியும் படித்தாள். ஆனால் நீங்கள் சொன்னது அது சரியாக வேலை செய்யாது என்பதால்தான் வேண்டாம் என்று போகிறது. ஆணா பெண்ணா என்பது நூற்றுக்கு நூறு சரியாகத் தெரியும் விஷயமாச்சே. அதற்கு இந்தப் பதில் பொருந்தாது. அம்மாவின் கேள்வி அப்படியே நிற்கிறது.

ஓய்வுபெற்ற செவிலி:

தம்பி, நான் தருமபுரி மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள். உங்கள் அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் எழுதணும் என்றுதான் மகனிடம் சொல்லி இதில் சேர்ந்தேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் பக்கம் பெண் குழந்தை பிறந்தால் கள்ளிப்பால், நெல்மணி என்பதெல்லாம் ஊருக்கே தெரிந்த விஷயம். கர்ப்பிணிகள் பதிவேட்டில் ஏற்கெனவே இரண்டு பெண் உள்ள தாய்க்கு ஒரு குறி போட்டு வைப்பேன். பிரசவம் ஆன மறுநாள் அந்த வீட்டுக்குத்தான் முதலில் போவேன். ஒரு வீட்டில் தொட்டில் காலியாக இருந்தது, பாட்டி முற்றத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டு இருந்தார், "மூச்சுத் திணறிப் போயிருச்சும்மா" என்று என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். அந்தத் தாய் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள், மார்பில் பால் கட்டி ரவிக்கை நனைந்திருந்தது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியாது.

வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுவிடலாம் என்று 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது, பிறகு எங்கள் மாவட்டத்துக்கும் வந்தது. அதே சமயத்தில் ஸ்கேனும் வந்தது. கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க 1994-ல் சட்டம் போட்டார்கள், 2003-ல் இன்னும் கடுமையாக்கினார்கள், கருத்தரிக்கும் முன்னாலேயே தேர்ந்தெடுப்பதையும் அதில் சேர்த்தார்கள். ஸ்கேன் மையச் சுவரில் சொல்லக் கூடாது என்று பலகை தொங்கும், ஆனாலும் ஜாடையில் சொல்லிவிடுவார்கள். அப்போது வீடுகளில் என்னிடம் என்ன சொன்னார்கள் தெரியுமா? "பிறந்த குழந்தையை அப்படிச் செய்வது மகா பாவம்மா, நாங்க அந்தக் காலத்து ஆளுங்க மாதிரி இல்ல, முன்னாலேயே பார்த்துக்கறோம்." உண்மையிலேயே தாங்கள் நாகரிகமாகிவிட்டதாக நம்பினார்கள். 2001 கணக்கெடுப்பில் தருமபுரியில் ஆறு வயதுக்குள் 1000 ஆண் குழந்தைக்கு 826 பெண் குழந்தை. 2011-ல் 913 ஆனது. அந்த வித்தியாசத்துக்கு எத்தனையோ பேர் வீடு வீடாக நடந்தோம்.

இப்போது நீங்கள் சொல்கிறீர்கள், யாரையும் கலைக்கப் போவதில்லை, குளிர்பெட்டியில் இருப்பதில் ஒன்றைத்தானே எடுக்கிறோம் என்று. கள்ளிப்பாலும் இதுவும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன், அது கொலை, இது அப்படி இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் கருவி சுத்தமாகிக்கொண்டே வந்திருக்கிறது, காரணம் மட்டும் மாறவே இல்லை. அந்தப் பாட்டிக்கு இருந்த காரணம்தான் இன்றைக்கும்.

அதனால் உங்கள் அம்மாவிடம் திருப்பி ஒன்று கேளுங்கள். ஏன் பையன்? எங்கள் ஊர் வீடுகளில் அதற்குப் பதில் இருந்தது. வரதட்சணை, நிலம் பங்கு போகும், கொள்ளி வைக்க ஆள் வேண்டும், வயதான காலத்தில் சோறு போட ஆள் வேண்டும். அந்தப் பதில்களை நான் ஏற்கவில்லை, ஆனால் வறுமையில் இருந்தவர்களின் பயம் எனக்குப் புரிந்தது. டல்லஸில் இருக்கிற உங்களுக்கு இதில் எது பொருந்தும்? ஒன்றும் பொருந்தவில்லை என்றால், மீதி இருப்பது ஆண் ஒரு படி மேல் என்கிற எண்ணம் மட்டும்தான். அந்த எண்ணத்துக்கு நீங்கள் கையெழுத்துப் போடப் போகிறீர்கள்.

நஷ்டம் யாருக்கு என்று அம்மா கேட்டார். உங்கள் வீட்டில் ஒன்றாம் வகுப்புப் படிக்கிறவளுக்குத்தான். தம்பி தானாக வந்து பிறந்தால் அது ஒன்று. நாலு கருவில் பெண்ணை எல்லாம் ஒதுக்கிவிட்டு இவனை எடுத்தோம் என்றால், அது என்றைக்காவது அவள் காதுக்குப் போகும், சொந்தக்காரர்களே பெருமையாகச் சொல்வார்கள். எங்கள் பதிவேட்டில் போதும்பொண்ணு என்று பேர் வைத்த பிள்ளைகளை எழுதியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் அந்தப் பேரைக் கூப்பிடும்போது அந்தப் பிள்ளை எப்படி எழுந்து நிற்கும் என்பதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் மனைவி ஒரே தடவை கேட்டாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அவள் கேட்டதுதான் சரியான கேள்வி.

சிங்கைவேல்:

அம்மா, உங்கள் அனுபவத்துக்குத் தலைவணங்குகிறேன். ஆனாலும் தருமபுரியில் மூன்றாவது பெண்ணை வேண்டாம் என்றவர்களையும், ஒரு மகளைக் கொண்டாடி வளர்ப்பவர் அடுத்தது பையனாக இருக்கட்டும் என்று நினைப்பதையும் ஒரே வரிசையில் வைப்பது இவருக்குச் செய்யும் அநியாயம். இவருக்கு முதல் குழந்தை பையனாக இருந்து, இரண்டாவது பெண் வேண்டும் என்று கேட்டிருந்தால் இதே மாதிரி எழுதுவீர்களா? இரண்டு கண்ணும் வேண்டும் என்பவனிடம் ஒரு கண்ணை வெறுக்கிறாய் என்று சொல்லலாமா?

ஓய்வுபெற்ற செவிலி:

அப்படிக் கேட்டு வந்த குடும்பத்தை என் வேலைக்காலம் முழுக்க நான் பார்க்கவில்லை தம்பி. இரண்டு பையன் பெற்றவர்கள் மூன்றாவது பெண்ணாகத்தான் வேண்டும் என்று ஸ்கேன் வண்டியைத் தேடி ஓடவில்லை. ஒரு பக்கம் மட்டுமே சாய்கிற தராசை வைத்துக்கொண்டு சமநிலை என்று பேச முடியாது. அமெரிக்கா போனால் மாறிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். அங்கே 2000-ம் வருடக் கணக்கெடுப்பை வைத்து ஒரு ஆய்வு வந்ததை மகன் எடுத்துக் காட்டினான். இந்தியா, சீனா, கொரியாவில் இருந்து போன பெற்றோரில், முதல் இரண்டும் பெண்ணாக இருந்தால் மூன்றாவதில் 100 பெண்ணுக்கு 151 ஆண். இயற்கையாக 105 தான் இருக்கணும். அங்கே வரதட்சணைக்கு யார் பயந்தார்கள்?

மூன்றுவாரம்:

தாமதமாகப் பார்த்தேன். எனக்குத் தலசீமியா மேஜர். கோவையில் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் ஏற்றிக்கொள்கிறேன், அதனால்தான் இந்தப் பெயர்.

அண்ணா, நீங்கள் அந்த இரண்டு கருக்களை விலக்கியது பற்றி இங்கே யாரும் ஒன்றும் சொல்லவில்லை, எல்லோரும் தாண்டிப் போய்விட்டார்கள். அதைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். நீங்கள் செய்தது சரி. மூன்றாவது வாரக் கடைசியில் அலுவலக மாடிப்படி ஏறும்போது இரண்டாவது தளத்தில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்வேன், உடன் வருபவர்களிடம் போன் பார்ப்பது போலக் காட்டிக்கொள்வேன். ஏற்றும் ரத்தத்தில் இருந்து இரும்பு சேர்ந்து ஈரலையும் இதயத்தையும் கெடுக்கும், அதை வெளியேற்ற டெஃபராசிராக்ஸ் மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும், சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி தொண்டையில் ஒட்டும், டம்ளரின் அடியில் தங்கியதையும் மறுபடி தண்ணீர் ஊற்றிக் குடிக்க வேண்டும். சின்ன வயதில் அதுவும் இல்லை, வயிற்றுத் தோலில் ஊசி குத்தி இரவெல்லாம் பம்பில் மருந்து போகும். இப்போது கையில் நரம்பு கிடைப்பதில்லை, நர்ஸ் அக்கா புறங்கையைத் தட்டித் தட்டித் தேடுவார். இது இன்னொரு குழந்தைக்கு வர வேண்டாம் என்று நினைப்பதில் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. என் அப்பா அம்மாவும் தம்பி வயிற்றில் இருந்தபோது நஞ்சுக்கொடியில் இருந்து எடுத்துச் சோதித்தார்கள். அவன் கேரியர்தான். நான் அவர்களிடம் அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசியிருக்கிறேன், அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

ஆனால் அதை எதற்காகச் செய்தார்கள் என்பது எனக்கு முக்கியம். பிறக்கப்போகும் பிள்ளை வலியில் இருக்கக் கூடாது என்று செய்தார்கள். என்னை மதிப்பெண்ணில் கீழே போட்டுவிட்டு அவனை மேலே வைக்கவில்லை. சிங்கைவேல் அண்ணா, தலசீமியாவுக்கும் சர்க்கரைக்கும் கோடு எங்கே என்று கேட்டீர்கள். நான் போடும் கோடு இதுதான். அந்தத் தேர்வால் யாருடைய கஷ்டம் குறைகிறது என்று பார்ப்பேன். குழந்தையின் கஷ்டம் என்றால் பேசலாம், சர்க்கரையைக்கூட, ஆய்வகவாசி சொன்ன குறைகள் எல்லாம் என்றைக்காவது தீர்ந்தால், அப்போது உட்கார்ந்து பேசலாம். உயரமோ நிறமோ பையனோ, அதில் குழந்தைக்கு என்ன கஷ்டம் குறைகிறது? பெற்றவர்களின் ஆசை நிறைவேறுகிறது. 2009-ல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு மருத்துவமனை கண், முடி, தோல் நிறத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்று அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெற்றுக்கொண்டது. நம் ஊரில் மாநிறப் பெண் பிள்ளையைப் பெண் பார்க்க வந்தவர்கள் என்னென்ன சொல்லிவிட்டுப் போகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அது நாளைக்குச் சோதனை அறிக்கையில் ஒரு வரியாக வந்தால் எத்தனை வீட்டில் வேண்டாம் என்பார்கள்?

அண்ணா கேட்ட மூன்றாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. மாற்றமே இல்லாத அந்த ஒரு கருவுக்கு முன்னுரிமை தர வேண்டிய அவசியம் இல்லை. நீங்கள் கேரியர், அண்ணி கேரியர், பாப்பா கேரியர். மூன்று பேரும் நன்றாக இருக்கிறீர்கள். நாளைக்கு அந்தப் பிள்ளை இன்னொரு கேரியரைக் கல்யாணம் செய்யாமல் இருந்தால் போதும், அல்லது தெரிந்து செய்தால் போதும். கேரியரைக்கூட ஒதுக்க ஆரம்பித்தால் அப்புறம் உங்கள் மகளையே ஒதுக்கியதாக ஆகிவிடும்.

இன்னொன்றும் செய்யுங்கள், இந்தக் கருத் தேர்வைவிட அதுதான் பெரிய காரியம் என்று நான் நினைக்கிறேன். உங்கள் இரண்டு வீட்டிலும் அக்கா, தங்கை, சித்தப்பா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள் எல்லோரையும் ஹீமோகுளோபின் பிரித்துப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையை ஒரு தடவை செய்யச் சொல்லுங்கள். ஐவிஎஃப் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. உங்கள் குடும்பத்தில் சொந்தத்துக்குள் கல்யாணம் நடக்கிறது, யாருக்குத் தெரியாமல் எத்தனை பேரிடம் இருக்கிறதோ. சைப்ரஸ் தீவில் 1970-களில் இருந்தே கல்யாணத்துக்கு முன் சோதனையைப் பரவலாக்கி, என்னைப் போன்ற குழந்தைகள் பிறப்பதை மிகவும் குறைத்துவிட்டார்கள். நம் வீடுகளில் ஜாதகப் பொருத்தம் பார்ப்பார்கள், இதைச் சொன்னால் பெண்ணுக்கு ஏதோ குறை என்று வெளியே பேசுவார்கள் என்று பயந்து மறைப்பார்கள். என் அம்மா வழியில் அப்படி மறைத்து நடந்த கல்யாணத்தால்தான் என் மாமா பெண்ணுக்கும் என்னைப் போலவே இருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் ஒரே வார்டில் ரத்தம் ஏற்றிக்கொள்கிறோம்.

அப்புறம் ஒரு வேண்டுகோள், எல்லோருக்கும். இந்த மாதிரி விவாதங்களில் "அப்படி ஒரு பிள்ளை பிறந்தால் குடும்பமே நாசம்" என்று யாராவது எழுதிவிடுவார்கள். இங்கே இதுவரை யாரும் எழுதவில்லை, நன்றி. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் தலசீமியாவும் இருக்கிறது, அதை வைத்துச் சான்றிதழ் வாங்கி, வேலை பார்த்து, வாடகை கொடுத்து, சண்டை போட்டு, சினிமா பார்த்து வாழ்ந்துகொண்டுதான் இருக்கிறோம். சோதனை செய்யாமல், அல்லது செய்தும் பெற்றுக்கொள்ள முடிவு செய்த குடும்பங்களை யாரும் முட்டாள் என்று பார்க்கக் கூடாது. சோதனை எளிதாக எளிதாக அந்தப் பார்வை கூடிக்கொண்டே போகிறது, ரத்த வங்கி வரிசையில் நிற்கும்போது எனக்கு அது தெரிகிறது.

நாமக்கல்காரன்:

தங்கச்சி, நீங்கள் எழுதியதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். செவிலி அம்மா சொன்னபடி அம்மாவிடமும் கேட்டேன், ஏன் பையன் என்று. கொஞ்ச நேரம் பேசவில்லை, "எல்லாரும் கேக்கறாங்கப்பா" என்றார், அவ்வளவுதான் அவரிடம் இருந்த காரணம். பாலினம் வேண்டாம் என்று நாங்கள் இரண்டு பேரும் பேசி முடித்துவிட்டோம். என் அக்கா மகளுக்கு அடுத்த தை மாதம் கல்யாணப் பேச்சு இருக்கிறது, மாப்பிள்ளை சொந்தத்தில்தான், இரண்டு பேருக்கும் சோதனை எடுக்கச் சொல்லி அக்காவிடம் பேசிவிட்டேன். மாமா முதலில் கோபப்பட்டார், பார்ப்போம்.

ஆய்வகவாசி, ஒரு நடைமுறைச் சந்தேகம். அப்படியானால் நான்கில் எதை முதலில் வைப்பது என்று யார் சொல்வார்கள்? நாங்கள் கேட்காவிட்டாலும் அறிக்கையில் பாலினம் தெரிந்துவிடுமா?

ஆய்வகவாசி:

எதை முதலில் வைப்பது என்பதைக் கரு ஆய்வகமே சொல்லும். ஒவ்வொரு கருவுக்கும் 4ஏஏ, 4ஏபி, 5பிபி என்று ஒரு தரக்குறி இருக்கும். கரு எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதை எண் காட்டும், உள்ளே இருக்கும் கொத்தின் தரத்தை முதல் எழுத்தும் வெளிச்சுவரின் தரத்தை இரண்டாவது எழுத்தும் காட்டும். கர்ப்பப்பையில் ஒட்டிப் பிடிக்கும் வாய்ப்பைத்தான் அது காட்டுகிறது, எப்படிப்பட்ட பிள்ளை என்பதை இல்லை. எல்லாம் சரியாக இருந்தாலும் ஒரு தடவை வைத்தால் பிடிப்பது ஏறத்தாழ பாதிக்குக் கொஞ்சம் மேல்தான், அதனால் நான்கில் பாதியைப் பையன் இல்லை என்று ஒதுக்கியிருந்தால் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சாமலும் போயிருக்கலாம்.

பாலினம் பற்றி: குரோமோசோம் சோதனை செய்தாலே ஆய்வகத்தின் கணினியில் அது இருக்கும், தவிர்க்க முடியாது. உங்களுக்கு வரும் அறிக்கையில் மறைக்கச் சொல்லலாம், அந்தப் படிவத்திலேயே அதற்குக் கட்டம் இருக்கும். இங்கே எங்களுக்கு மறைப்பது சட்டக் கட்டாயம், அங்கே நீங்கள் கேட்டால்தான் செய்வார்கள். டாக்டரிடமும் நர்ஸிடமும் தனியாகச் சொல்லி வையுங்கள், போனில் பேசும்போது வாய்தவறி 'அவன்', 'அவள்' என்று சொல்லிவிடுவதுண்டு. நோயாளிகள் பார்க்கும் இணையக் கணக்கிலும் முழு அறிக்கையும் தானாக ஏறிவிடும் இடங்கள் உண்டு, அதையும் மூடச் சொல்லுங்கள். கர்ப்பம் உறுதியானதும் பத்தாவது வாரத்தில் தாயின் ரத்தத்தை எடுத்துக் குழந்தையின் குரோமோசோமைப் பார்க்கும் பரிசோதனைப் படிவத்தில் இதே கேள்வி மறுபடி வரும்.